சட்டக் கல்லூரியில் நடப்பு வழக்குகளைக் கையில் எடுப்பது எப்படி

மசோதாக்களுக்கு ஒப்புதல் தராத ஆளுநருக்கு எதிராகத் தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது தமிழ்நாட்டில் அதைப் பேசாத டீக்கடை இல்லை. சட்டமன்றம் இரண்டாவது முறையும் நிறைவேற்றி அனுப்பிய 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் ஜே.பி.பார்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை துணைவேந்தரை யார் நியமிப்பது என்பது பற்றியவை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கான திருத்த மசோதாவும் அந்தப் பத்தில் ஒன்று. அதாவது அரசு சட்டக் கல்லூரிகளில் படிக்கிற எல்லோருக்கும் பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகமே அந்த வழக்குக்குள் இருந்தது. சட்டம் படிக்கிற ஒரு தமிழ்நாட்டு மாணவருக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு வழக்கு வராது.

இப்படி ஒரு வழக்கு வரும்போதுகூட இரண்டு வரியை ஃபார்வர்டு செய்துவிட்டு இன்டர்னல் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுவதுதான் பழக்கமாக இருக்கிறது. மாணவர்களைக் குறை சொல்லவில்லை. நானூறு பக்கத்துக்கு மேல் ஓடும் ஆங்கிலத் தீர்ப்பை ஒருவர் தனியாக உட்கார்ந்து படிப்பது கஷ்டம். வீட்டில் முதல் ஆளாகச் சட்டம் படிக்க வந்தவருக்கு, பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவருக்கு, இன்னும் கஷ்டம். ஒரு வட்டமாகச் சேர்ந்து படித்தால் முடியும். எப்படிச் சேர்வது, எதைப் படிப்பது, படித்ததை வைத்து என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கீழமை நீதிமன்றங்களில் பிராக்டிஸ் செய்கிற ஆள், அதனால் உதாரணங்களும் அந்தப் பக்கமே சாயும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டம் எடுக்கிற ஒவ்வொரு விஷயமும் மூல ஆவணத்தில் தொடங்க வேண்டும், கல்லூரிக்கு வெளியே போகிற ஏதோ ஒன்றில் முடிய வேண்டும். அது அமைச்சகத்துக்கு அனுப்பும் கருத்துரையாக இருக்கலாம், ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனுவாக இருக்கலாம், சட்ட உதவி முகாமில் ஒரு அம்மாவிடம் கொடுக்கிற ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக இருக்கலாம். பேசிவிட்டுக் கலைந்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள், அது இயல்பு. கையில் ஒரு வேலை இருந்தால் வருவார்கள்.

ஆள் சேர்ப்பது

ஏழெட்டுப் பேர் போதும். முதலாண்டும் இறுதியாண்டும் கலந்திருக்க வேண்டும், தமிழ் வழியில் வந்தவரும் ஆங்கிலம் சரளமாகப் படிப்பவரும் கலந்திருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். கட்சி சார்ந்த மாணவர் அமைப்புகளில் இருப்பவர்களைத் தவிர்க்காதீர்கள். கல்லூரியில் சட்டப் பிரச்சினையில் உண்மையாகவே அக்கறையுள்ள பலர் அங்கேதான் இருப்பார்கள். வட்டத்துக்குள் கொடி மட்டும் வேண்டாம், அவ்வளவுதான்.

முதல்வரிடம் அனுமதி கேட்கும்போது 'அரசியல் விவாதம்' என்ற வாசனை வந்தாலே ஃபைல் நகராது. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளைக் காட்டிக் கேளுங்கள். மூட் கோர்ட்டும் (மாதிரி நீதிமன்ற வாதப் பயிற்சி), ஒரு சிவில் ஒரு கிரிமினல் என இரண்டு வழக்குகளின் விசாரணையை நேரில் கவனித்து எழுதுவதும், கட்சிக்காரரிடம் விவரம் கேட்கப் பழகுவதும் அந்த விதிகளின்படி கட்டாயப் பாடம். ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும். உங்கள் வட்டம் அந்தப் பாடத்தின் நீட்சி என்று கடிதத்தில் எழுதுங்கள், அது உண்மையும்கூட. ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் நல்லது. அவர் தலைமை தாங்க வேண்டியதில்லை, தவறாகப் படித்தால் நிறுத்திச் சொன்னால் போதும்.

எதை எடுப்பது

பரபரப்பான வழக்குதான் நல்ல வழக்கு என்று எண்ண வேண்டாம். நடிகர் கைது, பிரபலத்தின் விவாகரத்து, இதிலெல்லாம் படிக்க ஆவணமே இருக்காது, ஊகம்தான் இருக்கும். நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பேன். படிக்க ஒரு ஆவணம் இருக்கிறதா (தீர்ப்பு, மசோதா, அரசாணை, விதி எதுவானாலும் சரி)? டவுன் பஸ் போகிற தூரத்தில் யாரையாவது அது பாதிக்கிறதா? நம்மால் அதில் சிறிதாகவாவது ஏதாவது செய்ய முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் எடுக்கலாம்.

பழைய தீர்ப்பும் நடப்புப் பிரச்சினையாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மனுத் தாக்கல் செய்த ஷ்ரேயா சிங்கால் அப்போது சட்டம் படிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த இளம்பெண். ஆனால் ரத்தான அந்தப் பிரிவிலேயே காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் பதிந்துகொண்டிருந்தன. பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு மறுபடி நீதிமன்றம் போய், 2022 அக்டோபரில் இனி யார் மீதும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று தனியாக ஒரு உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. தீர்ப்புக்கும் காவல் நிலைய ரைட்டருடைய மேஜைக்கும் நடுவில் ஏழு வருடம். அந்த இடைவெளியில்தான் சட்ட மாணவருக்கு வேலை இருக்கிறது, பேராசிரியர்களோ தொலைக்காட்சி விவாதக்காரர்களோ அங்கே வருவதில்லை.

படிப்பது

இங்கேதான் அதிக நேரம் போகும், போகட்டும்.

தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு முழுவதும் இப்போது இணையத்தில் இலவசம், காசு கட்டும் டேட்டாபேஸ் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2023 முதல் தீர்ப்புகளுக்கு நடுநிலை எண் கொடுக்கிறார்கள், ஆண்டும் ஐ.என்.எஸ்.சி. என்ற எழுத்துகளும் ஒரு எண்ணும் இருக்கும். உங்கள் குறிப்புகளில் அதையே பயன்படுத்துங்கள், யாரும் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

நானூறு பக்கத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் நாற்பதாவது பக்கத்தில் மூடிவிடுவீர்கள். முதலில் கடைசியில் இருக்கும் உத்தரவுப் பகுதி, அப்புறம் நீதிமன்றம் வகுத்துக்கொண்ட எழுவினாக்கள் (தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்), அதற்குப் பிறகு இரு தரப்பு வாதங்கள். இது மூன்றையும் எல்லோரும் படித்து வர வேண்டும். நடுவில் உள்ள விவாதப் பகுதியை எழுவினா வாரியாக ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தன் பகுதியில் எது தீர்ப்பின் அடிப்படை, எது போகிற போக்கில் சொன்ன கருத்து என்று பென்சிலால் பிரித்துக் கொண்டுவர வேண்டும். இந்தப் பிரிவினையில்தான் வட்டத்துக்குள் முதல் நல்ல சண்டை வரும், வரவேற்கத்தக்க சண்டை.

அடுத்து, அந்தத் தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். இதை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள்தான் அதிகம். ஆளுநர் வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்புகிறார், 18 அன்று சட்டமன்றம் சிறப்புக் கூட்டத்தில் மறுபடி நிறைவேற்றுகிறது, 28 அன்று அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிடுகிறார். 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு. அந்த வாரமே பத்தும் சட்டங்களாக அரசிதழில் வருகின்றன. மே 13 அன்று அரசியலமைப்பின் ஆர்ட்டிகிள் 143-இன் கீழ் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக் கால அமர்வு துணைவேந்தர் நியமனம் சார்ந்த பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதிக்கிறது. நவம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கருத்து சொல்கிறார்கள்: ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வது அரசியலமைப்பில் இல்லாத ஒன்று, ஆனால் காரணமே சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால் ஒரு முடிவெடுங்கள் என்று உத்தரவிடும் அளவுக்கு நீதிமன்றம் தலையிடலாம்.

இந்தத் தேதிகளை ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வியை வையுங்கள். நவம்பர் கருத்துக்குப் பிறகு ஏப்ரல் தீர்ப்பால் உயிர்பெற்ற அந்தப் பத்துச் சட்டங்களின் கதி என்ன? ஆர்ட்டிகிள் 143-இல் சொல்வது ஆலோசனைக் கருத்து, தன் தீர்ப்பின் மீது தானே மேல்முறையீடு கேட்க அந்த வழியைப் பயன்படுத்த முடியாது என்று காவிரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அப்படியென்றால் அந்த வழக்கின் தரப்பினருக்கு ஏப்ரல் தீர்ப்பு நிற்கிறதா? இன்னொரு மாநிலம் அதே வாதத்தோடு வந்தால் எதைப் பின்பற்றுவார்கள்? ஒரு மாலை முழுக்கப் போதாது. இதில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: தன் அரசியல் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கத்துக்காக ஒவ்வொருவரும் பத்து நிமிடம் வாதாட வேண்டும். மாநில உரிமையில் உறுதியாக இருக்கும் ஒருவர் ஆளுநர் தரப்பை நேர்மையாக வாதாடிப் பார்த்தால்தான் தன் தரப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியும். நாளைக்கு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஓட்டைக்குத்தான் வருவார்.

சட்டப் புத்தகத்தைப் படிப்பதிலும் இதே கவனம் தேவை. 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 358 பிரிவுகள், சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) 531, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 170. கொலை 302-லிருந்து 103-க்குப் போய்விட்டது. உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்துக்கு பழைய சி.ஆர்.பி.சி.யில் நாம் மனப்பாடமாக வைத்திருந்த 482, பி.என்.எஸ்.எஸ்.-இல் இப்போது முன்ஜாமீன் பிரிவு, உள்ளார்ந்த அதிகாரம் 528-இல் இருக்கிறது. '482 போடணும்' என்று ஒரு சீனியர் சொன்னால் எந்தச் சட்டத்தின் 482 என்று கேட்டுவிடுங்கள், தப்பே இல்லை. ஒப்பீட்டு அட்டவணையை நம்பி மட்டும் இருக்காதீர்கள், எண் மாறிய இடங்களில் சில சமயம் சொற்களும் மாறியிருக்கின்றன. பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவைப் பாருங்கள். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு, எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்பே 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது. பழைய சட்டத்தில் இது இல்லை. லலிதா குமாரி வழக்கில் 2013-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு எஃப்.ஐ.ஆர். பதிவு கட்டாயம் என்று சொன்னதோடு இதை எப்படிப் பொருத்துவது? புகார் கொடுக்கப் போய், அதைப் பெற்றுக்கொண்டதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வருகிற மக்கள் நிறைந்த மாநிலத்தில் இது வெறும் பாடக் கேள்வி கிடையாது.

தமிழில் எழுதுவது

வட்டத்தில் பேச்சு தமிழில் நடக்கட்டும். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் வேண்டும்தான், அதற்குத் தனியாகப் பழகிக்கொள்ளலாம். ஆனால் ஒரு வாதம் புரிந்ததா இல்லையா என்பது, அதை உங்கள் அம்மாவுக்குச் சொல்ல முடிகிறதா என்பதில்தான் தெரியும். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் ஒருவர் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுத வேண்டும்: என்ன பிரச்சினை, நீதிமன்றம் என்ன சொன்னது, இதனால் யாருக்கு என்ன மாறும். முறை வைத்து எழுதுங்கள், நன்றாக எழுதுகிறவர் தலையிலேயே கட்டிவிடாதீர்கள்.

உச்ச நீதிமன்றத் தளத்திலேயே பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது ஆங்கில மூலம்தான், மேற்கோள் அங்கிருந்தே வர வேண்டும். கீழமை நீதிமன்றங்களில் சாட்சி விசாரணை நடப்பதும் வாக்குமூலம் பதிவாவதும் தமிழில். பிராது, எதிர்வாதுரை, சான்றாவணம், குறுக்கு விசாரணை, வாய்தா என்ற சொற்கள் அங்கே உயிரோடு புழங்குகின்றன. அந்தச் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள், அகராதியைப் பார்த்துப் புதிதாகக் கோக்க வேண்டியதில்லை.

நீதிமன்றத்தில் போய் உட்கார்வது

சென்னையில் 1891-இல் தொடங்கிய சட்டக் கல்லூரி நெடுங்காலம் உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியே இருந்தது. வகுப்பு முடிந்து நடந்து போய் ஒரு கோர்ட் ஹாலில் பின்னால் உட்காரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். 2018-இல் கல்லூரியைப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரித்துக் கொண்டுபோன பிறகு அது போய்விட்டது. மாணவர்கள் அப்போது போராடியதற்கு இதுவும் ஒரு காரணம், என் பார்வையில் நியாயமான காரணம். போனது திரும்பி வராது, ஆகவே திட்டம் போட்டுத்தான் போக வேண்டும். பட்டரைப்பெரும்புதூரில் இருப்பவர்களுக்குத் திருவள்ளூர் நீதிமன்றம் பக்கம், புதுப்பாக்கத்தில் இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு. மதுரை மாணவர்களுக்கு உயர் நீதிமன்றக் கிளையே ஊரில் இருக்கிறது, கொடுத்துவைத்தவர்கள்.

மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்குங்கள் என்பதுதான் என் யோசனை. ஹைகோர்ட்டில் ஒரு காலைப் பொழுதில் ஐம்பது வழக்குகள் ஓடும், யார் என்ன கேட்டார்கள் என்பதே புரியாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ரிமாண்டுக்கு ஆட்களைக் கொண்டுவரும்போது போய்ப் பாருங்கள். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கொடுத்தார்களா, வழக்கறிஞர் யாராவது நிற்கிறாரா, நீதிபதி அந்த ஆளிடம் நேரடியாக ஏதாவது கேட்டாரா, எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் வரும் 'தனிமனித சுதந்திரம்' குறித்த பெரிய தீர்ப்புகள் எல்லாம் அந்தச் சில நிமிடங்களில்தான் நிற்கின்றன அல்லது விழுகின்றன. நீதிமன்றம் பொது இடம், யாரும் உட்காரலாம். ஆனால் பாலியல் வன்கொடுமை வழக்குகளின் விசாரணையும் போக்சோ விசாரணையும் மூடிய அறையில் நடக்கும், வெளியே போகச் சொன்னால் உடனே எழுந்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை கறுப்பு பேன்ட், ஃபோன் அணைத்து பைக்குள். கழுத்தில் கட்டுகிற பட்டையும் கவுனும் வழக்கறிஞராகப் பதிவு செய்த பிறகுதான்.

தூரமாக இருப்பவர்களுக்கு நேரலை இருக்கிறது. அது வந்ததிலும் ஒரு சட்ட மாணவருக்குப் பங்கு உண்டு. ஸ்வப்னில் திரிபாதி என்ற ஜோத்பூர் தேசிய சட்டப் பல்கலைக்கழக மாணவர், திங்களும் வெள்ளியும் இன்டர்ன்களை உச்ச நீதிமன்ற அறைக்குள் விடுவதில்லை என்பதை எதிர்த்து மனுப் போட்டார். அதுவும் அதனோடு சேர்ந்த மற்ற மனுக்களும் 2018 செப்டம்பர் 26 அன்று நேரலைக்கு ஆதரவான தீர்ப்பில் முடிந்தன. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியலமைப்பு அமர்வு விசாரணைகள் நேரலையில் வருகின்றன. ஒரு புரொஜெக்டர் கிடைத்தால் எல்லோரும் சேர்ந்து பாருங்கள், நீதிபதி கேள்வி கேட்டதும் நிறுத்திவிட்டு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். எந்த மூட் கோர்ட் போட்டியும் தராத பயிற்சி இது.

கருத்துரை அனுப்புவது

2025 பிப்ரவரி 13 அன்று மத்திய சட்ட அமைச்சகம் வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த மசோதாவின் வரைவை வெளியிட்டு 28-ஆம் தேதிக்குள் கருத்து சொல்லுங்கள் என்றது. நீதிமன்றப் புறக்கணிப்பைத் தடை செய்யும் 35ஏ, பார் கவுன்சிலுக்கு மத்திய அரசு உறுப்பினர்களை நியமிக்கும் பிரிவு எல்லாம் அதில் இருந்தன. நாடு முழுக்க வழக்கறிஞர்கள் கொதித்தார்கள், 22-ஆம் தேதியே கருத்துக் கேட்பை முடித்துக்கொண்டு வரைவைத் திருத்தி மறுபடி கொண்டுவருவோம் என்று அமைச்சகம் பின்வாங்கியது. நாளைக்குத் தொழிலுக்கு வரப்போகும் மாணவர்களை நேராகப் பாதிக்கிற வரைவு அது, எழுதி அனுப்ப ஒன்பது நாள்தான் கிடைத்தது. மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு முன்சட்ட ஆலோசனைக் கொள்கையே குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த ஒரு வாதத்துக்கே ஒரு பக்கம் எழுதலாம்.

திருத்தி மறுபடி வரும்போது தயாராக இருங்கள். கருத்துரை எழுதும் முறை எளிது: பிரிவு எண், இப்போதைய வாசகம், அதில் என்ன பிரச்சினை, அதற்குப் பதில் நீங்கள் முன்வைக்கும் வாசகம், காரணம். ஒரு பிரிவுக்கு அரைப் பக்கம், மொத்தம் நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்பதைப் படிக்கும் அதிகாரி அதை ஓரமாக வைத்துவிடுவார், மாற்று வாசகம் இருந்தால் அதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் வரும். எல்லாப் பிரிவையும் தொட வேண்டாம், உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். மாவட்ட நீதிமன்றங்களில் நீங்கள் பார்த்துக் குறித்துவைத்தது டெல்லியில் இருக்கும் எந்த ஆய்வு நிறுவனத்திடமும் இருக்காது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, நகலைக் கோப்பில் வையுங்கள்.

ஆர்.டி.ஐ.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத் தாள், 30 நாள் காத்திருப்பு. கேட்பதைக் கூர்மையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. ஒரு உதாரணம். பி.என்.எஸ்.எஸ். 479-ஆம் பிரிவின்படி, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கும் பொருந்தாது. அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு மனு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே பதிவான வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, உங்கள் மாவட்டத்தில் இருக்கும் சிறையிலிருந்து இப்படி எத்தனை மனுக்கள் போயின, எத்தனை பேர் வெளியே வந்தார்கள்? கைதிகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் மாதவாரியாகக் கேளுங்கள். பதில் பூஜ்யம் என்று வந்தால் அதை எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரைப் பாருங்கள். அவரும் ஒரு நீதிபதிதான், சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையத்தின் பொறுப்பும் அவரிடம்தான்.

சட்ட உதவி மையம்

ஏறக்குறைய எல்லாச் சட்டக் கல்லூரியிலும் ஒரு அறை வாசலில் 'இலவச சட்ட உதவி மையம்' என்று போர்டு இருக்கும். அந்த அறை உண்மையில் திறக்கிற நாளில்தான் உங்கள் வட்டத்துக்கு உயிர் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், எந்தக் காரணத்துக்கும் மாற்றாமல் திறந்து வையுங்கள். மூன்று மாதம் யாரும் வராமல் இருக்கலாம். பக்கத்துக் கிராமத்தின் நூறு நாள் வேலைத் தளத்துக்கும் ரேஷன் கடை வரிசைக்கும் நீங்களே போங்கள்.

என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதில் தெளிவு வேண்டும். பதிவு செய்யாத மாணவர் நீதிமன்றத்தில் ஆஜராக முடியாது, 'இந்த வழக்கு ஜெயிக்கும்' என்று உறுதி சொல்லவும் கூடாது. மனு எழுதித் தரலாம், ஆவணங்களை வரிசைப்படுத்தித் தரலாம், தாலுகா அலுவலகத்துக்குத் துணைக்குப் போகலாம், ஆணைக்குழு வழியாக ஒரு வழக்கறிஞரை ஏற்பாடு செய்து கொடுக்கலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. இது தெரியாமல் நகையை அடகு வைக்கிற பெண்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். 15100 என்ற இலவச எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அப்படியே புதிய சட்டத்தில் மக்களுக்குச் சாதகமாக இருப்பதையும் சொல்லுங்கள்: எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், எந்தக் காவல் நிலைய எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் பக்கத்து நிலையத்தில் புகார் கொடுக்கலாம், 90 நாளுக்குள் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று புகார்தாரருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும்.

வருகிறவர் சொல்வதை வெளியே பேசக் கூடாது. வட்டத்துக்குள் விவாதிக்கும்போதும் பெயர், ஊர், சாதி எதுவும் வேண்டாம். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பி.என்.எஸ். 72-ஆம் பிரிவின்படி குற்றம், குழந்தை என்றால் போக்சோ 23-ஆம் பிரிவும் சேரும்.

நீதிமன்ற அவமதிப்பைப் பற்றிப் பல மாணவர்களுக்கு வேண்டாத பயம் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைப் படியுங்கள், முடிந்த வழக்கின் தீர்ப்பைக் குறித்து நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று தெளிவாக இருக்கிறது. தீர்ப்பை விமர்சியுங்கள், நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிக்காதீர்கள். நிலுவையில் உள்ள வழக்கில் சாட்சிகளைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். இத்தகைய வட்டங்கள் பெரும்பாலும் இறுதியாண்டு மாணவர்கள் போனதும் நின்றுபோகின்றன. தேர்வுக்கு முன்பே இரண்டாமாண்டில் இருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். அனுப்பிய கருத்துரைகளின் நகல், பதில் வராத ஆர்.டி.ஐ. மனுக்களின் தேதி, முதல் மேல்முறையீட்டுக்கான 30 நாள் எப்போது முடிகிறது, உதவி மையத்தில் இன்னும் முடியாமல் இருக்கும் மனுக்கள், ஆணைக்குழுவில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். உதவி கேட்டு வந்தவர்களுக்கு, இனி யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று நீங்களே ஒருமுறை ஃபோன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள்.